குதிரைக்குத் தெரிவது மனசா, உடம்பா?

செய்யாற்றிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “என் மகனுக்கு ஆட்டிசம். குதிரைக்கு மனசு தெரியும், அதோடு பழகவிட்டால் சரியாகிவிடுவான் என்கிறார்கள். கூட்டிப்போகலாமா?”

போகலாம். ஆனால் ‘மனசு தெரியும்’ என்று சொல்லிப் பணம் கேட்கும் இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். குதிரைக்குத் தெரிவது உடம்பு. அதுவே பெரிய அதிசயம்.

சுவீடனில் நடந்து, 2009-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று. குதிரையைப் பிடித்துக்கொண்டு ஒரே பாதையில் நான்கு முறை நடக்க வேண்டும். நான்காம் முறை கிளம்பும்போது, “வழியில் திடீரென்று குடை விரிப்போம்” என்று மனிதரிடம் மட்டும் சொன்னார்கள். குடை விரிக்கவே இல்லை. ஆனாலும் மனிதரின் இதயத் துடிப்பு ஏறியது. கூடவே குதிரையின் துடிப்பும் ஏறியது. இருவர் நடையிலும் கண்ணுக்குப் பட்ட மாற்றம் எதுவுமில்லை. நடக்காத ஒன்றை நினைத்து ஒருவர் பயந்தார். அந்தப் பயம் எப்படியோ கயிற்றின் மறுமுனைக்குப் போய்விட்டது!

புல்வெளியில் வேட்டை விலங்குகளுக்குத் தப்பிப் பிழைத்த இனம் குதிரை. பக்கத்தில் நிற்பது மிரண்டால், ஏனென்று கேட்காமல் தானும் ஓடத் தயாராக வேண்டும்.

ஆரணிப் பட்டுத்தறியில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். ஆயிரக்கணக்கான பாவு இழைகளில் ஒன்று தொய்ந்தாலும் கண்ணுக்கு முன்பே கை அறிந்துவிடும். குதிரையும் அப்படித்தான். நம் உடம்புதான் அதற்குப் பாவு. தோள் இறுகினால் ஓர் இழை விறைக்கிறது, மூச்சு தடைப்பட்டால் இன்னோர் இழை தொய்கிறது. ஆனால் இழை தொய்ந்ததைச் சொல்லும் விரல், அந்தச் சேலை யார் கல்யாணத்துக்கு என்று சொல்லாது.

இந்த வித்தியாசத்தை மறந்ததற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை குளம்பைத் தட்டிக் கணக்குப் போட்டதை ஊரே நம்பியது. கேட்பவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸும் தவறியது. கேட்பவரின் தலை தன்னையறியாமல் லேசாக அசைவதைப் பார்த்துத் தட்டலை நிறுத்தியது என்று 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் நிறுவினார்.

இன்று, “குதிரை விலகிப்போனது, உங்களுக்குள் அடக்கிவைத்த கோபம் இருக்கிறது” என்று பயிற்சியாளர் சொல்லும்போதும் அதே பிழைதான். விலகியது குதிரை, காரணம் சொன்னது மனிதர். மனநோய்களுக்கான குதிரைச் சிகிச்சை பற்றிய 14 ஆய்வுகளை 2014-இல் அலசிய அமெரிக்க உளவியலாளர்கள், அதைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே முடித்தார்கள்.

ஆட்டிசத்தில் நிலைமை சற்று மேல். 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு பத்து வாரம் குதிரை ஏறியது. மறு குழு அதே லாயத்தில் பொம்மைக் குதிரையை வைத்துக் கற்றது. ஏறிய பிள்ளைகளிடம் எரிச்சலும் துறுதுறுப்பும் கூடுதலாகக் குறைந்தன. ஆட்டிசம் ‘சரியாகிவிட்டது’ என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

அதனால் அம்மா, மகனுக்குக் குதிரை பிடித்திருந்தால் கூட்டிப்போங்கள். பேச்சுப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தால் அதை ஒரு வாரமும் நிறுத்தாதீர்கள். தலைக்கவசம் தருகிறார்களா, பக்கத்தில் ஆள் நடக்கிறாரா என்று பாருங்கள். லாய மண்ணிலும் சாணத்திலும் டெட்டனஸ் கிருமி இருக்கும். தடுப்பூசி பாக்கியிருந்தால் முதலில் அதைப் போட்டுவிடுங்கள்.