எந்த ஸ்பிண்டில்?

திண்டுக்கல்லிலிருந்து கரூர் சாலையில் வேடசந்தூர் வரை போனால் சாலையின் இரு பக்கமும் நூற்பாலைகள்தான். ஒட்டன்சத்திரம், நத்தம், நிலக்கோட்டைப் பக்கம் போனாலும் மானாவாரிக் காட்டுக்கு நடுவே நீளமாக ஒரு மில் கட்டடம் கண்ணில் படாமல் இருக்காது. பஞ்சு குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் லாரியில் வருகிறது. நூல் திருப்பூருக்கும் கரூருக்கும் போகிறது. 1985-இல் திண்டுக்கல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோதே இங்கே மில்கள் இருந்தன. 1999-இல் மத்திய அரசின் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் வந்து, புது மெஷின் வாங்கும் கடனுக்கு வட்டிச் சலுகை கிடைத்த பிறகு இன்னும் பெருகின. இடையில் மாறியது மெஷின் மட்டும் இல்லை. மில்லுக்குள் யார் பேச்சை நம்பி முடிவெடுக்கிறார்கள் என்பதும் மாறிவருகிறது. எனக்கு அதுதான் பெரிய மாற்றமாகப் படுகிறது.

பஞ்சை நூலாக முறுக்கும் ரிங் ஃப்ரேமில் தினசரிப் பிரச்சினை ஒன்றே ஒன்று: நூல் அறுவது. நூலை முறுக்கிச் சுற்றும் கதிரான ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்றையும் தாண்டிச் சுற்றுகிறது. பஞ்சில் குட்டை இழை கூடினாலும் அறும். காற்றில் ஈரம் குறைந்தாலும் அறும். நூலை வழிநடத்தும் சின்ன வளையமான டிராவலர் தேய்ந்தாலும், ரப்பர் ரோலர் வெடித்தாலும் அறும். அறுந்த இடத்தில் வெளியே வரும் பஞ்சை உறிஞ்சுகுழாய் இழுத்துக்கொள்ளும். மறுபடி நூல் பிடிக்கும்வரை அது கழிவுதான்.

பிடிப்பது சைடரின் வேலை. பிரேக்கை முழங்காலால் அழுத்தி ஸ்பிண்டிலை நிறுத்துவார். நூல் சுற்றிய காப்பை உருவி நுனியைத் தேடுவார். டிராவலருக்குள் கோத்து, மேலே கொக்கியில் மாட்டி, காப்பைத் திரும்பச் செருகிப் பிரேக்கை விட்ட கையோடு, நுனியை முன் ரோலரின் வாயில் காட்டுவார். ஒட்டிக்கொள்ளும். பழகிய கைக்குச் சில நொடி வேலை. ஆனால் எங்கே அறுந்திருக்கிறது என்று தெரிய, நடந்து பார்த்தால்தான் உண்டு. ஷிப்ட் முழுக்க ஃப்ரேமுக்கும் ஃப்ரேமுக்கும் இடையே நடந்துகொண்டே இருப்பார்கள்.

அந்த நடையில் ஒரு சைடருக்குத் தெரியாதது இல்லை. இந்த வரிசையில் இந்த ஸ்பிண்டில்தான் திரும்பத் திரும்ப அறுக்கிறது என்று அவருக்கு மனப்பாடம். அந்த அறிவு மேலே போகாது. மேஸ்திரிக்கு உற்பத்தி எண்ணிக்கை வேண்டும். ஃபிட்டருக்கு ஆயிரம் வேலை. சைடர் பெரும்பாலும் கிராமத்திலிருந்து வந்த இளம்பெண். 'சுமங்கலித் திட்டம்' என்று பேர் வாங்கிய ஏற்பாட்டில், விடுதியில் தங்கி மூன்று வருடம் வேலை செய்தால்தான் மொத்தத் தொகை கையில் கிடைத்தது. நடுவில் போனால் அது போய்விடும் என்ற பயத்தில் இருந்த பெண், "மெஷின்தான் சரியில்லை" என்று மேஸ்திரியிடம் வாதாடுவாளா? நூல் அதிகம் அறுந்தால், அவள் சரியாகப் பார்க்கவில்லை என்பதுதான் தீர்ப்பாக இருந்தது.

அளந்து பார்க்கும் வழியே இல்லாமலும் இல்லை. 1956-இல் கோவையில் தொடங்கிய சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சிக் கழகம், நூல் அறுவதை எண்ணி, காரணம் பிரித்து, நூறு ஸ்பிண்டில் மணிக்கு இத்தனை என்று கணக்குப் போடும் பழக்கத்தை மில்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. நல்ல முறை. ஆனால் ஓர் ஆள் தாளும் பேனாவுமாக நின்று எண்ணுவதால், ஒரு ஃப்ரேமில் கொஞ்ச நேரத்துக்குத்தான் எடுக்க முடியும். பின்னிரவு மூன்று மணிக்கு என்ன நடந்தது என்று அது சொல்லாது.

இன்று புது ஃப்ரேம் ஒன்றில் ஆயிரத்துக்கும் மேல் ஸ்பிண்டில்கள். வசதியுள்ள மில்களில் ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் பக்கத்தில் ஒரு சென்சார் இருக்கிறது. டிராவலர் சுற்றுகிறதா, என்ன வேகத்தில் சுற்றுகிறது என்பதை அது இடைவிடாமல் பார்க்கிறது. நின்றால் ஸ்பிண்டிலின் மேல் சின்ன விளக்கு எரியும். அந்தப் பகுதியின் விளக்கும் ஃப்ரேம் கோடியில் உள்ள விளக்கும் சேர்ந்து எரியும். தொலைவிலிருந்தே பார்த்துவிட்டு நேராகப் போகலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை பார்ப்பவர்களுக்குத் தமிழும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம், விளக்கு போதும்.

கண்ணுக்கு எட்டாத ஒன்றையும் இந்தச் சென்சார் பிடிக்கிறது. ஸ்பிண்டிலைச் சுழற்றும் டேப் தளர்ந்தால் ஸ்பிண்டில் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும். நூல் அறாது, பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் முறுக்கு குறைந்திருக்கும். அந்த நூல் கோனில் கலந்து திருப்பூர் போய், நிட்டிங் மெஷினில் ஏறிய பிறகுதான் வம்பு தெரியும். புகார் வரும்போது எந்த ஃப்ரேம், எந்த ஷிப்ட் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது அந்த ஸ்பிண்டிலின் எண் அன்றைக்கே கணினித் திரையில் வந்துவிடுகிறது.

அடிக்கடி அறுக்கும் ஸ்பிண்டில்களின் பட்டியலும் அதே திரையில் கிடைக்கும். ஃபிட்டர் மொத்த ஃப்ரேமையும் தடவிக்கொண்டிருக்காமல் அந்தச் சிலவற்றை மட்டும் கழற்றிப் பார்க்கிறார். டிராவலரை இத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்ற பழைய வழக்கத்தைக்கூட, அறுவு ஏறும் நேரத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். மின்சாரமும் அப்படித்தான். மாதம் முடிந்து பில் வந்த பிறகு தலையில் கைவைத்த காலம் போய், கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்று ஃப்ரேம்வாரியாகப் பார்க்கிறார்கள்.

ஆனால் இதே திரை, எந்த சைடர் எத்தனை நிமிடம் கழித்து நூல் பிடித்தார் என்றும் சொல்லும். ஸ்பிண்டிலைச் சரிசெய்ய வந்த கணக்கை ஆளை விரட்ட எடுத்துக்கொண்டால், பழைய தீர்ப்புதான் புது மெஷினில் எழுதப்படும். இது வீண் பயம் இல்லை; பெண் தொழிலாளர்மேல் மேலே இருப்பவர்களுக்கு உள்ள பிடி என்ன செய்யும் என்று இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. 2021-இல் திண்டுக்கல் பகுதி ஆடைத் தொழிற்சாலைப் பெண் ஒருவர் கொல்லப்பட்ட பிறகுதான், வேலைத்தளத்தில் பெண்களுக்கு என்ன நேர்ந்துகொண்டிருந்தது என்று உலகம் கேட்டது. 2022-இல் எச் அண்ட் எம் உள்ளிட்ட ஆடை நிறுவனங்கள் கையெழுத்திட்ட 'திண்டுக்கல் ஒப்பந்தம்', பெண்களே நடத்தும் தொழிற்சங்கத்தோடு சேர்ந்து, தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து ஷிப்டுக்குள் வைத்தது. தொல்லைகளைக் கவனித்து அவர்கள் சொன்னார்கள். நிர்வாகம் நடவடிக்கை எடுத்தாக வேண்டியிருந்தது. எந்தச் சென்சாராலும் எடுக்க முடியாத கணக்கு இது.

சின்ன மில்கள் பலவற்றில் இன்னும் பழைய ஃப்ரேம்தான் ஓடுகிறது. சென்சார் பொருத்தும் செலவு அவர்களுக்குக் கட்டாது. அவர்களுக்கும் வழி இருக்கிறது. நூல் பிடித்ததும் ஸ்பிண்டிலின் அருகே சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொல்லலாம். ஷிப்ட் முடியும்போது கோடு குவிந்த எண்களைச் சைடரே நோட்டில் எழுதி, அடுத்த ஷிப்டின் ஃபிட்டரிடம் நேராகக் கொடுக்கட்டும். எழுதியதற்காக யாரும் அவரைக் கடிந்துகொள்ளக் கூடாது. அந்த எண்களைப் பார்க்காமல் ஃபிட்டர் வேறு வேலைக்குப் போகவும் கூடாது.