பக்கத்து வீட்டில் துப்பாக்கி இருந்தால்

2019 நவம்பரில், வண்டலூர் – கேளம்பாக்கம் சாலைப் பக்கம் உள்ள வெங்கடமங்கலத்தில் ஒரு பாலிடெக்னிக் மாணவர் தன் நண்பரின் வீட்டுக்குப் போனார். வயது 19. பட்டப்பகலில், அந்த வீட்டுக்குள்ளேயே துப்பாக்கி வெடித்து, குண்டு பாய்ந்து இறந்துபோனார். தேடப்பட்ட நண்பர் பின்னர் செங்கல்பட்டு நீதிமன்றத்தில் சரணடைந்தார். ரவுடிக் கும்பல் மோதலோ வங்கிக் கொள்ளையோ அங்கே நடக்கவில்லை. இரண்டு இளைஞர்கள், ஒரு வீடு, இருக்கவே கூடாத ஒரு கைத்துப்பாக்கி, அவ்வளவுதான். நம் பீர்க்கன்கரணையிலிருந்து அந்த இடம் பைக்கில் போய்வரும் தூரம்.

ஆனால் நம் பகுதியில் துப்பாக்கிப் பேச்சு எழும்போதெல்லாம் அது வேறு திசையில்தான் போகிறது. ஏரிக்கரைப் பக்கம் புதிதாக எழுந்த நகர்களில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெரியவர்கள், ஜி.எஸ்.டி. சாலையில் நகைக்கடையும் அடகுக்கடையும் வைத்திருப்பவர்கள், மனை வாங்கி விற்பவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “ஒரு லைசென்ஸ் வாங்கி, ஒரு துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொண்டால் என்ன?” செயின் பறிப்புச் செய்தி வந்த வாரத்தில் இந்தக் கேள்வி இன்னும் சத்தமாக எழும். பயத்தில் கேட்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் நேராகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் துப்பாக்கி வைத்துக்கொள்வது அடிப்படை உரிமை கிடையாது. அமெரிக்காவில் 1791இல் சேர்க்கப்பட்ட இரண்டாவது அரசியல் சட்டத் திருத்தம் அந்த உரிமையைப் பேசுகிறது. தனிமனிதர் தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை அதில் அடங்கும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. நம் அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவோ, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத்தான் தருகிறது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.எம்.ஜோசப், பி.வி.நாகரத்னா அமர்வு கள்ளத்துப்பாக்கிகளின் பெருக்கத்தைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தபோது, அமெரிக்காவைப் போல இங்கே அப்படி ஓர் உரிமை தரப்படவில்லை என்பதை எடுத்துச் சொன்னது.

இது விவாதமே இல்லாமல் வந்த நிலை அல்ல. மருது சகோதரர்களின் போருக்குப் பிறகு 1801 டிசம்பரில் கும்பினி அரசு ஒரு பிரகடனம் வெளியிட்டுத் தென்பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் அதே பூட்டைப் போட்டது. அந்த அவமானத்தின் நினைவில்தான் 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் குடிமக்கள் உரிமைப் பட்டியலில் எழுதியது. அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் அதைச் சேர்க்கச் சொல்லி வாதாடினார். சபை ஏற்கவில்லை. ஆயுதம் ஏந்தும் உரிமையைப் பொதுவாக எழுதிவைத்தால் குற்றவாளியும் அதே உரிமையைக் கேட்பான் என்ற கவலை அம்பேத்கருக்கு இருந்தது. சாதிக் கலவரம் பார்த்த ஊர்க்காரர் எவருக்கும் அந்தக் கவலை புரியும்.

இப்போது நடைமுறையில் இருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும். பீர்க்கன்கரணை இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. 2022 ஜனவரி முதல் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகமும் இயங்குகிறது. ஆணையரகப் பகுதியில் உரிமம் தரும் அதிகாரம் காவல் ஆணையருக்கு உரியது; மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியர். விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். உயிருக்கு என்ன அச்சுறுத்தல் என்று காரணம் காட்ட வேண்டும். உடல்நலத்தோடு மனநலத்துக்கும் மருத்துவச் சான்று, துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிச் சான்று, வீட்டில் எப்படிப் பாதுகாப்பாக வைப்பீர்கள் என்ற உறுதிமொழி ஆகியவையும் வேண்டும். உள்ளூர்க் காவல் நிலையம் விசாரித்து அறிக்கை அனுப்பும். உரிமம் கிடைத்தால் 5 ஆண்டுக்குச் செல்லும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகளே வைத்திருக்கலாம், முன்பு 3.

இதில் விண்ணப்பதாரருக்கும் உரிமைகள் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பத்தைத் தள்ள முடியாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். நீங்கள் கேட்டால், பொதுநலனுக்குக் கேடு என்று அதிகாரி கருதினாலொழிய, அதைத் தர வேண்டும். உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எனவே “ஆளைப் பிடித்தால்தான் நடக்கும்” என்று சொல்லி வரும் இடைத்தரகரிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள். வேறு மாநிலத்து உரிமம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால், அவரே நீங்கள் பயப்பட வேண்டிய ஆள்.

உரிமம் கிடைத்தபின் அது எதையெல்லாம் அனுமதிக்காது என்பதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். துப்பாக்கியை இடுப்பில் தெரியும்படி செருகிக்கொண்டு கல்யாணத்துக்குப் போக முடியாது. பொது இடத்தில் உறைக்குள் மூடித்தான் எடுத்துச் செல்ல வேண்டும். திருமணத்திலோ ஊர்வலத்திலோ மகிழ்ச்சிக்காக வானத்தை நோக்கிச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மைத்துனர் கேட்டார் என்று ஒரு நாளைக்குக் கொடுத்தாலும், உரிமம் இல்லாதவர் கையில் தெரிந்தே கொடுத்த குற்றம் உங்கள் மேல் வரும். கேட்டை ஏறிக் குதித்துத் தேங்காய் பறித்தவனைச் சுட்டுவிட்டு “என் வீடு, என் உரிமம்” என்று சொல்லவும் வழியில்லை. பாரதிய நியாய சம்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன; தேவைக்கு மேல் தீங்கு செய்தால் அந்த உரிமை அங்கேயே நின்றுவிடும். நள்ளிரவில் நீங்கள் எடைபோட்ட அந்தத் தேவையை, பிறகு பகலில் நீதிமன்றம் எடைபோடும்.

2020 ஜூலையில் திருப்போரூரை அடுத்த செங்காட்டில் நிலத் தகராறு ஒன்றில் துப்பாக்கி வெடித்தது. ஒருவருக்குக் குண்டுக்காயம். அந்தத் தொகுதியின் அப்போதைய சட்டமன்ற உறுப்பினர் கைது செய்யப்பட்டார். தற்காப்புக்காகவே என்று அவர் தரப்பு சொன்னது. வழக்கின் நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். வாய்ச்சண்டையாகவோ கல்வீச்சாகவோ முடிந்திருக்கக்கூடிய ஒரு மனைத் தகராறு, துப்பாக்கி அருகில் இருந்ததால் எங்கே போய் நின்றது என்று பாருங்கள். நம் தென்புறநகரில் மனைத் தகராறு இல்லாத நகர் உண்டா?

இன்னொரு நிகழ்வையும் மரியாதையோடு சொல்ல வேண்டும். 2024 ஜூலை 5 அன்று பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தது. மக்களவைத் தேர்தலுக்காக ஒப்படைத்திருந்த அதை ஜூன் மாதமே திரும்பப் பெற்றிருந்தார் என்று காவல்துறை தெரிவித்தது. கூட்டமாக, எதிர்பாராத நேரத்தில், அரிவாளோடு வந்தவர்கள் முன்னால் அந்தத் துப்பாக்கி உதவவில்லை. “ரவுடியிடம் ஆயுதம் இருக்கிறது, நல்லவனிடம் ஏன் இருக்கக் கூடாது?” என்ற வாதம் வலுவானது, அதை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். ஆனால் நம் ஊரில் கொலையாளி முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவதில்லை. பீரோவைத் திறந்து, தோட்டா போட்டு, குறி பார்க்கும் அவகாசம் வீட்டுக்காரருக்குக் கிடைப்பது அரிது. கிடைக்கும் அவகாசமெல்லாம் குடித்துவிட்டு வந்த கோபத்துக்கும், தேர்வில் தோற்ற பையனின் விரக்திக்கும், பரணை ஆராயும் குழந்தையின் ஆசைக்கும்தான். என் தரப்பு இதுதான்: இந்தச் சட்டத்தைத் தளர்த்தக் கூடாது, இருப்பதை ஒழுங்காக நடத்த வேண்டும்.

ஜெனீவாவில் இயங்கும் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இந்தியப் பொதுமக்களிடம் சுமார் 7.1 கோடித் துப்பாக்கிகள் இருக்கின்றன. அவற்றில் பதிவானவை ஒரு கோடிக்கும் குறைவு. அதாவது நாம் விவாதிக்கும் உரிமத் துப்பாக்கியைவிடப் பல மடங்கு கணக்கில் வராமல் கிடக்கிறது. தமிழ்நாட்டில் அதன் ஒரு முகம் மலையோர ஊர்களின் நாட்டுத் துப்பாக்கி. காட்டுப்பன்றியை விரட்ட என்று வைத்திருப்பார்கள். இன்னொரு முகம் வடமாநிலத்திலிருந்து கைமாறி வரும் கள்ளத்துப்பாக்கி. உரிமம் இல்லாமல் சாதாரண வகைத் துப்பாக்கி வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. தடைசெய்யப்பட்ட வகை என்றால் 7 முதல் 14 ஆண்டு. செய்வோருக்கும் விற்போருக்கும் 7 ஆண்டு முதல் ஆயுள் வரை. இன்ஸ்டாகிராமில் போடுவதற்காக நண்பனின் கள்ளத்துப்பாக்கியைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளும் கல்லூரிப் பையன், வழக்குக்கான ஆதாரத்தைத் தானே எடுத்துக் கொடுக்கிறான். பெற்றோர் இதை இன்றே வீட்டில் பேச வேண்டும். ஏர்கன் விஷயத்திலும் கவனம் தேவை: 20 ஜூலுக்கு மேல் ஆற்றலோ 4.5 மில்லிமீட்டருக்கு மேல் துளையோ இருந்தால் அதற்கும் உரிமம் வேண்டும். அதைவிடச் சிறியதாகவே இருந்தாலும் பீர்க்கன்கரணை ஏரிக்கு வரும் பறவைகள் மேல் குறி வைப்பது வன உயிரினச் சட்டத்தில் கொண்டுபோய்விடும்.

குண்டு எங்கிருந்து வரும் என்று தெரியாமல் இறந்தவர்களும் நம் மாநிலத்தில் உண்டு. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே துப்பாக்கி சுடும் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாள் உயிருக்குப் போராடி இறந்தான். நம் மாவட்டத்தில் அனுமந்தபுரம் பயிற்சித் தளத்தைச் சுற்றி, வெடிக்காமல் கிடக்கும் குண்டுகளை இரும்புக்கடைக்குப் போட எடுத்துவந்தவர்கள் பட்ட பாடு அந்தப் பக்கத்து ஊர்களுக்குத் தெரியும். தோட்டாவோ குண்டோ கண்ணில் பட்டால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள். 100 அல்லது 112க்கு அழைத்துவிட்டு, மற்றவர் நெருங்காமல் தள்ளி நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினால் என்ன செய்வது? உரிமம் இருக்கிறது என்று அவர் சொன்னாலும் அஞ்ச வேண்டாம். காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கை பதிய மறுத்தால் மேலதிகாரிக்கு எழுத்தில் அனுப்பலாம். அதற்கும் அசைவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போக பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 173(4) பிரிவு வழி தருகிறது. அதோடு நில்லாமல் புகாரின் நகலை இணைத்து, உரிமத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ கோரி ஆணையருக்குத் தனியாக ஒரு மனு போடுங்கள். பொது அமைதிக்குக் கேடு என்று கண்டால் ஆயுதச் சட்டத்தின் 17ஆவது பிரிவின் கீழ் அதைச் செய்யும் அதிகாரம் அவருக்கு உண்டு. கள்ளத்துப்பாக்கி இருப்பது தெரிந்தும் தக்க காரணமின்றிச் சொல்லாமல் இருப்பதை 36ஆவது பிரிவு ஏற்பதில்லை. தகவல் தருவது கடமை என்றே அது சொல்கிறது.

மிரட்டுபவர் கணவராகவே இருந்தால், 181 எண்ணில் பெண்கள் உதவி மையம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி, நீதிமன்றம் உத்தரவிட்டால் பாதுகாப்பு அலுவலர் அந்த ஆயுதத்தைப் பறிமுதல் செய்யலாம். மனுவில் துப்பாக்கி இருப்பதைத் தவறாமல் குறிப்பிடுங்கள். வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் இருந்தால், 14416 அல்லது 104க்கு அழைத்து ஆலோசனை கேளுங்கள். துப்பாக்கியை அந்த வீட்டில் வைத்திருக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படையுங்கள். குண்டுக்காயம் பட்டவரை எந்த மருத்துவமனையும் “போலீஸ் கேஸ்” என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. 1989லேயே உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் அதைத் தீர்த்துவைத்தது. பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீடு கோரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். கட்டணம் கிடையாது.

கடைசியாக, தாம்பரம் பக்கத்தில் அடிக்கடி எதிர்ப்படும் ஒன்று. ராணுவத்திலோ விமானப்படையிலோ இருந்து ஓய்வு பெற்ற தாத்தா, ஊரில் தோட்டத்துக்கென்று வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கி. பழைய வேட்டித் துணியில் சுற்றி பீரோவுக்கு மேல் படுத்திருக்கும். தோட்டாக்களின் பித்தளை அடி பச்சை பூத்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடக்கும். தேர்தல் அறிவித்ததும் அவரே பஸ் பிடித்துப் போய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிவு வந்ததும் திரும்ப வாங்கி வருவார். அவர் காலமான பிறகு அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. உரிமம் அவரோடு முடிந்துவிட்டது. துப்பாக்கி மட்டும் வீட்டில் இருக்கிறது. இது சட்டப்படி உரிமமில்லாத ஆயுதம்.

காரியம் முடிந்ததும் ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி தாமதிக்காமல் அதை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். இறப்புச் சான்று, பழைய உரிமப் புத்தகம், துப்பாக்கியின் எண், தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் கையோடு இருக்கட்டும். முதலில் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். வாரிசுகளில் ஒருவர் தன் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம், அல்லது கடை வழியாக விற்றுவிடலாம். உரிமம் வைத்திருப்பவருக்கு 70 வயதானாலோ, 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. எதுவானாலும் ஒப்படைத்ததற்கு ரசீது வாங்காமல் நிலையத்தைவிட்டு வெளியே வராதீர்கள்; அதில் துப்பாக்கியின் எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.