நடுமுதுகுக்குப் பலம்: கணவன் மனைவி இருவருக்கும்



நம் கடற்கரைக் கிராமங்களில் "உடம்புக்கு என்ன செய்யுது?" என்று கேட்டால், "நடுமுதுகு கடுக்கு சார்" என்பதே பலருடைய பதில். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போகிறார்கள். டாக்டரைக் கேட்காமல் அடிக்கடி சாப்பிடும் வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

ஏன் கடுக்கிறது?

உப்பளத்தில் குனிந்து உப்பு வாருகிறோம். துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறோம். வீட்டிலே குடம், அடுப்பு, இடுப்பில் பிள்ளை. எல்லாமே முன்பக்கம் வளைந்து செய்கிற வேலை. இரு தோள்பட்டைகளுக்கும் நடுவிலுள்ள தசைகள் நாள் முழுக்க இழுபட்டுக் களைத்துப் போகின்றன.

"வேலையே தேகப்பயிற்சிதானே?" என்பீர்கள். இல்லை. வேலை ஒரே பக்கமாக வளைக்கிறது. பயிற்சி எதிர்ப்பக்கமாக, அளவோடு, ஓய்வு கொடுத்து இழுக்கிறது.

நம் முத்துக்குளிப்பையே எடுத்துக்கொள்வோம். 1961 வரை இங்கே நடந்தது. கல்லின் கனத்தோடு கடலுக்குள் இறங்கியவரை, தோணியில் நின்றவர் கயிற்றைத் தம் பக்கமாக இழுத்து மேலே ஏற்றினார். அந்த இழுவைதான் நடுமுதுகுக்கு வேண்டிய அசைவு.

டம்பெல்ஸ் வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் 1 கிலோ. மணல் நிரப்பினால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அதுவே போதும்.

செய்முறை

1. இடது கையைத் திண்ணையிலோ கட்டிலிலோ ஊன்றி, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனியுங்கள். வலது கையில் பாட்டிலைத் தொங்கவிட்டு, முழங்கை விலாவை ஒட்டி வரும்படி இடுப்பு வரை இழுங்கள். மெதுவாக இறக்குங்கள். 10 தடவை. பிறகு கையை மாற்றுங்கள்.

2. அதேபோல் சற்றுக் குனிந்து நின்று, இரண்டு கையிலும் அரை லிட்டர் பாட்டில்களைப் பிடித்து, பறவை சிறகு விரிப்பதுபோல் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்குங்கள். 10 தடவை.

இழுக்கும்போது மூச்சை விடுங்கள், அடக்காதீர்கள். வாரம் 2 அல்லது 3 நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். 12 தடவை சுலபமான பிறகு எடையைக் கூட்டலாம்.

ஒருவர் செய்யும்போது மற்றவர் தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையை வையுங்கள். தசை இறுகுவது கையில் தெரிந்தால் பயிற்சி சரி. கழுத்து மட்டும் இறுகினால் எடையைக் குறையுங்கள்.

கவனம்!

கர்ப்பிணிகள், புதிதாகப் பிரசவித்தவர்கள், அண்மையில் குடும்ப நல அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

முதுகுவலியோடு மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு இருந்தால் அது முதுகெலும்புக் காசநோயாகவும் இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ, நெஞ்சும் சேர்ந்து வலித்தாலோ ஒருமணி நேரங்கூடத் தாமதிக்காதீர்கள்; 108-ஐக் கூப்பிடுங்கள். சங்கு குளித்து ஏறியவருக்கு முதுகுவலியோ மரமரப்போ வந்தால் அதுவும் அவசரம்தான்.

உழைக்கும் முதுகுக்கு வாரத்தில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். இன்று மாலையே இரண்டு பாட்டிலை எடுத்து வையுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று உங்கள் துணைக்கு!