பேசாத சில்லைப் பேசவைப்பது எப்படி?



கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு கணிப்பொறி பழுதானால், அதைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறிக் கள்ளக்குறிச்சிக்கு இறங்க வேண்டியதுதான். கடைக்காரர் "பழசாயிடுச்சு தம்பி, புதுசு வாங்கிக்க" என்று சொல்லிவிட்டால், அதே சுமையோடு மலையேற வேண்டும். ஆனால் பழசானது எல்லாம் பழுதானது ஆகிவிடுமா?

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணிப்பொறி வழங்கத் தொடங்கியது. உங்கள் அக்காவோ அண்ணனோ அப்போது வாங்கியது இன்றும் வீட்டுப் பரணில் கிடக்கலாம். தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்பதும் சேர்ந்தே இருந்தது. டெபியன் என்னும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. விண்டோஸ் 7க்கான ஆதரவை 2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. லினக்ஸோ இன்றும் புதிது புதிதாக வந்துகொண்டிருக்கிறது. பென் டிரைவில் ஏற்றி நிறுவிப் பார்க்கிறீர்கள். திரை வருகிறது, விசைகள் இயங்குகின்றன, வைஃபை மட்டும் இல்லவே இல்லை!

சில்லு செத்துவிட்டதா? அவசரப்பட வேண்டாம். அதன் பெயரைக் கேட்டுப் பார்ப்போம்.

கணிப்பொறிக்குள் இருக்கும் இத்தகைய ஒவ்வொரு சில்லும் இரண்டு எண்களைச் சுமந்திருக்கிறது. முதல் எண் செய்த நிறுவனத்தைக் குறிக்கும். இரண்டாவது எண் எந்த மாதிரி என்பதைக் குறிக்கும். ஊர்ப்பெயரும் கதவிலக்கமும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 'டெர்மினல்' என்னும் கருப்புத் திரையைத் திறந்து 'எல்எஸ்பிசிஐ' என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் இரண்டு 'என்'னும் சேர்த்தால் இந்த எண்கள் வரிசையாக வரும். இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. 1978இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற சில்லின் பெயரும் அதுவே, பொருத்தமாகத்தான் தேர்ந்திருக்கிறார்கள்! பிராட்காமின் எண் 14ஈ4. (பதினாறின் அடிமான எண்ணில் 9க்குப் பிறகு எழுத்துகள் வரும் என்பதைக் கணக்கு வகுப்பில் படித்திருப்பீர்கள்.) திரையில் 14ஈ4:4311 என்று வந்தால், சில்லு உயிரோடுதான் இருக்கிறது. பெயர் சொல்கிறது, வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

ஏன் செய்யவில்லை? ஒரு சில்லை இயக்க 'டிரைவர்' என்னும் மென்பொருள் வேண்டும். பிராட்காம் தன் பழைய சில்லுகளின் இரகசியத்தை வெளியிடவில்லை. எனவே ஒரு குழு, நிறுவனத்தின் டிரைவரைப் பிரித்துப் பார்த்துச் சில்லு நடந்துகொள்ளும் விதத்தை எழுதிவைத்தது. அந்தக் குறிப்புகளை மட்டும் படித்து, மற்றொரு குழு புதிய டிரைவரை எழுதியது. பார்த்து எழுதினார்கள் என்ற பேச்சு வராதிருக்கவே இந்த ஏற்பாடு. 'பி43' எனப்பட்ட அந்த டிரைவர் 2008 ஜனவரியில் வெளியான லினக்ஸில் இடம்பெற்றது. எத்தனை பொறுமை வேண்டியிருந்திருக்கும்!

ஆனாலும் ஒரு சிக்கல் மிஞ்சியது. சில்லுக்குள்ளேயே ஓடும் 'ஃபர்ம்வேர்' என்னும் சிறு நிரலும் தேவை. அதைப் பிறருக்கு வழங்கப் பிராட்காமின் அனுமதி இல்லை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 பல நிறுவனங்களின் ஃபர்ம்வேரைச் சேர்த்தே தந்தது; இந்தப் பழைய பிராட்காமுக்கு உரியது அதிலும் இல்லை. 'ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்' என்னும் தொகுப்பு, அதை இணையத்திலிருந்து இறக்கி, உங்கள் கணிப்பொறியிலேயே வெட்டியெடுத்துக் கொடுக்கும்.

கவனித்தீர்களா? வைஃபை வர இணையம் வேண்டும். இணையம் வர வைஃபை வேண்டும்! கோழியா முட்டையா கதைதான். இங்கே கைகொடுப்பது உங்கள் வீட்டுக் கைபேசி. சார்ஜ் செய்யும் கம்பியால் கைபேசியைக் கணிப்பொறியோடு இணைத்து, கைபேசி அமைப்பில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள். கைபேசி இப்போது கம்பிவழி வலைப்பின்னல் அட்டையாக நடிக்கும். அந்த நடிப்பை நம்பும் டிரைவர் லினக்ஸில் முன்பே இருக்கிறது. மலையில் சிக்னல் கிடைக்கும் மேட்டில் உட்கார்ந்து செய்யுங்கள். அதற்கு முன் மடிக்கணிப்பொறியின் மின்கலம் தாங்குமா என்றும் பாருங்கள். பழைய மின்கலம் பாதி வேலையில் கைவிடும். டெபியனில் 'கான்ட்ரிப்' என்ற பிரிவைத் திறந்துவிட்டால்தான் மேற்சொன்ன தொகுப்பு கண்ணில் படும்.

எண்ணின் பிற்பாதி வேறாக இருந்தால், 'பி43' பொருந்தாமலும் போகலாம். அவற்றில் பலவற்றுக்குப் பிராட்காமே தந்த 'டபிள்யூஎல்' என்ற டிரைவர் உண்டு. ஆகவே எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளாமல் எதையும் நிறுவாதீர்கள்.

இன்னொன்று. திரையே கருத்துப்போனால், கணிப்பொறி தொடங்கும் பட்டியலில் 'ஈ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் முடிவில் 'நோமோட்செட்' என்று ஆங்கிலத்தில் சேர்த்துப் பாருங்கள். மிகப் பழைய 32 பிட் கணிப்பொறி என்றால் டெபியன் 12ஐயே எடுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் அவற்றுக்கான நிறுவி இல்லை.