கோடாக்கிடம் தகவல் இருந்தது

ஃபிலிம் நிறுவனமான கோடாக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றப் படியேறியபோது, டிஜிட்டல் அலை வருவதை அது கவனிக்கவில்லை என்றே பலரும் எழுதினார்கள். உண்மை வேறு. 1975-இல் டிஜிட்டல் கேமராவை முதலில் செய்து காட்டியவர் கோடாக்கின் பொறியாளர் ஸ்டீவன் சாசன்தான். ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி பிடித்த, மூன்றரைக் கிலோவைத் தாண்டிய பெட்டி அது. 1981-இல் ஃபிலிம் தேவைப்படாத மாவிகா கேமராவை சோனி அறிவித்ததும், கோடாக்கின் சந்தை ஆய்வுப் பிரிவு விசாரித்து, சுமார் பத்தாண்டு அவகாசம் இருக்கிறது என்று மேலிடத்துக்குச் சொன்னது. கணிப்பு பெரிதாகப் பிசகவில்லை. ஆனால் ஃபிலிம் கொழுத்த லாபம் தந்துகொண்டிருந்தது. 1996-இல்கூட அட்வான்டிக்ஸ் என்ற புது ஃபிலிம் வகையைத்தான் கோடாக் கடைக்குக் கொண்டுவந்தது.

ஆக, தகவல் இருந்தால் போதாது, அது முடிவோடு சேர வேண்டும். ஆனால் போட்டியாளரின் தொழில்நுட்பத்தைக் கண்காணிக்கத் தனிப்பிரிவு அமைப்பவர்கள் முதலில் மென்பொருளைத்தான் தேடுகிறார்கள். தேட வேண்டியது, தங்கள் தலைமை அடுத்து எடுக்கவிருக்கும் முடிவு எது என்பதைத்தான். மோட்டோரோலா நிறுவனத் தலைவர் ராபர்ட் கால்வின் 1980-களில், அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வில் பணியாற்றிய ஜான் ஹெரிங்கை அழைத்து இப்படியொரு பிரிவை உருவாக்கினார். நிர்வாகிகளுடன் உட்கார்ந்து, அவர்களுக்கு என்ன தெரிந்தாக வேண்டும் என்று கேட்டு அங்கிருந்து தொடங்குவது ஹெரிங்கின் முறை. போட்டியாளரை இப்படிக் கண்காணிப்பது உளவு அல்லவா என்று கேட்கலாம். திருடினால் உளவுதான், திருட அவசியமே இல்லை. காப்புரிமை விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதத்தில் வெளியாகிவிடுகின்றன; இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இதழ் வாராவாரம் இலவசமாகவே கிடைக்கிறது, சிறு நிறுவனத்துக்கும்தான். போட்டியாளர் எந்தத் துறைப் பொறியாளருக்கு வேலை விளம்பரம் தருகிறார் என்பதே பாதிக்கதை சொல்லும். அவர் பொருளைக் கடையில் வாங்கி அக்கக்காகப் பிரித்துப் பார்த்தால், விலை எங்கே குறைகிறது என்பதும் புலப்படும்.

இத்தகைய பிரிவு பயன்படும் என்பதற்கு வலுவான மறுப்பு மோட்டோரோலாவிடமிருந்தே வருகிறது. இவ்வளவு பேர்பெற்ற பிரிவை வைத்திருந்த அந்நிறுவனம் முன்னின்று வளர்த்த இரிடியம் செயற்கைக்கோள் தொலைபேசி நிறுவனம், 1998 நவம்பரில் சேவை தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டிலேயே திவாலானது. சாதாரண செல்பேசி மலிந்து, கோபுரங்கள் பரவியது ஒரு முக்கியக் காரணம். அந்தச் செல்பேசிகளையும் கோபுரக் கருவிகளையும் விற்ற நிறுவனங்களில் மோட்டோரோலாவும் ஒன்று! ஆக, பிரிவு இருந்தால் மட்டும் போதாது என்பது சரி. அதற்காக அது வீண் என்றாகாது; பணம் இறங்கிய பிறகும் பழைய முடிவைத் திரும்பக் கிளறும் உரிமை அதற்கு வேண்டும். அதன் அறிக்கை திட்டத்தை நடத்துபவரின் மேசை வழியாகப் போகாமல், நேராகத் தலைவரிடம் போக வேண்டும்.