களப்பணிக் கருவிப்பை

களப்பணிக் கருவிப்பை என்பது, இயந்திரம் இருக்கும் இடத்திற்கே நேரில் சென்று பழுதுபார்க்கும் தொழில்நுட்பர்கள் தம் கைக்கருவிகளையும் மடிக்கணினியையும் ஒருங்கே எடுத்துச் செல்லப் பயன்படுத்தும் பை ஆகும். கருவிப்பை எடையையும் கூர்முனைகளையும் தாங்க வேண்டும். மடிக்கணினிப் பை அதிர்ச்சி, அழுத்தம், ஈரம் ஆகியவற்றைத் தடுக்க வேண்டும். இவ்விரு தேவைகளும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. எனவே இத்தகைய பையைத் தெரிவு செய்யும்போது, கருவிகளையும் கணினியையும் அது எவ்வாறு பிரித்து வைக்கின்றது என்பதே முதலில் பார்க்கப்பட வேண்டியதாகும்.

பின்னணி

தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்திலுள்ள திருச்செங்கோடு, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் விசைத்தறிகளுக்கும் பெயர் பெற்ற ஊராகும். இவ்வூர் ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் சென்று மாதக்கணக்கில் தங்கி வேலை செய்கின்றன. பழுது ஏற்பட்டால் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவருவதை விடத் தொழில்நுட்பர் வண்டியைத் தேடிச் செல்வதே எளிதாகும்.

முன்னர் இத்தகைய பணிக்கு ஸ்பேனர், திருப்புளி, குறடு, சுத்தியல் ஆகியவை போதுமானவையாக இருந்தன. இந்தியா முழுவதும் 2017 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 4 மாசு விதிகளும், 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 விதிகளும் நடைமுறைக்கு வந்தன. இவற்றுக்கு ஏற்ப அமைந்த புதிய லாரிகளில் எரிபொருள் செலுத்தலையும் புகை வெளியேற்றத்தையும் மின்னணுக் கட்டுப்பாட்டு அலகு கண்காணிக்கின்றது. அதில் பதிவாகும் பழுதுக் குறியீடுகளைப் படிக்க மடிக்கணினியோ அதற்கான தனிக் கருவியோ தேவைப்படுகின்றது. நாடா இல்லாத் தறிகள், மின்னணு ஜக்கார்டு ஆகியவற்றைப் பழுதுபார்ப்போருக்கும் இதே நிலை ஏற்பட்டுள்ளது.

கருவிகளால் மடிக்கணினிக்கு ஏற்படும் தீங்குகள்

- அழுத்தம்: திரையின் மீது ஸ்பேனர் போன்ற கனமான பொருள் அழுந்தினால் திரை விரிசலடையும்.
- துளைப்பு: லித்தியம் அயனி மின்கலம் நசுங்கினாலோ துளைக்கப்பட்டாலோ அதன் நேர், எதிர் மின்வாய்களைப் பிரிக்கும் மெல்லிய படலம் கிழிந்து குறுக்குச்சுற்று உண்டாகும். அதனால் எழும் வெப்பம் மேலும் வேதிவினைகளைத் தூண்டித் தீயில் முடியலாம்.
- காந்தம்: பல மடிக்கணினிகளில் மூடி மூடப்பட்டதை ஒரு காந்த உணரி அறிகின்றது. காந்தத் தட்டு, காந்த முனையுள்ள திருப்புளி ஆகியவை இயங்கும் கணினியின் அருகே இருந்தால், கணினி தன் மூடி மூடப்பட்டதாகக் கொண்டு உறக்கநிலைக்குச் செல்லக்கூடும்.
- எண்ணெயும் தூசியும்: கருவிகளில் ஒட்டியுள்ள கிரீசு, கல்தூள் ஆகியவை விசைப்பலகையிலும் காற்றாடியிலும் புகும். ரிக் வண்டிகள் அழுத்தக் காற்றால் பாறைத்தூளை வெளியேற்றுவதால் தோண்டுமிடத்தில் தூசி மிகுதியாகும். தறிக்கூடங்களில் பஞ்சுத் துகள் காற்றாடியை அடைக்கும்.

வகைகள்

திறந்த வாய்ப் பை: மேற்புறம் அகலமாகத் திறப்பது. கருவிகளை ஒரே பார்வையில் கண்டு எடுக்கலாம். தூசியும் மழையும் எளிதில் புகும், மடிக்கணினிக்கு ஏற்றதன்று.

முதுகுப்பை: எடை இரு தோள்களிலும் பகிரப்படும், கைகள் ஓய்வாக இருக்கும். வண்டியின் மேல் ஏறுவதற்கும் இருசக்கர வண்டியில் செல்வதற்கும் உகந்தது. ஆழமாக இருப்பதால் அடியிலுள்ள கருவியை எடுப்பது கடினம்.

வன்பெட்டி: நெகிழிப் பெட்டி. அதிர்ச்சி, நீர், தூசி ஆகியவற்றிலிருந்து சிறந்த பாதுகாப்பு தரும். எடை அதிகம்.

உருளைப் பை: சக்கரமுடையது. அலுவலகக் கட்டடங்களில் பயன்படும். மண் பாதைகளிலும் வயல்வெளிகளிலும் பயன்படாது.

இணைப்பை: கருவிப்பையும் மடிக்கணினிப் பையும் தனித்தனியாக இருந்து, தேவைப்படும்போது ஒன்றோடொன்று பொருத்திக் கொள்ளத்தக்கது.

தெரிவு செய்யும் முறை

அளவு

மடிக்கணினியின் அளவு திரையின் மூலைவிட்டத்தால் குறிக்கப்படுகின்றது. 15.6 அங்குலத் திரை 16:9 விகிதத்தில் சுமார் 34.5 செ.மீ. அகலமும் 19.4 செ.மீ. உயரமும் உடையது. 16:10 விகிதமுள்ள 16 அங்குலத் திரையின் அகலமும் ஏறக்குறைய அதுவே, உயரமோ 21.5 செ.மீ. ஆகும். எனவே பழைய கணினிக்குப் பொருந்திய அறையில் புதிய கணினி பொருந்தாமற் போகலாம். அங்குலக் கணக்கை நம்பாமல், கணினியின் நீளம், அகலம், தடிமன் ஆகியவற்றை அளந்து அறையின் உள்ளளவோடு ஒப்பிடுவது நன்று.

கணினி அறை

கணினி அறைக்கும் கருவி அறைக்கும் இடையே வளையாத தடுப்பு இருத்தல் வேண்டும். மெல்லிய துணித் தடுப்பு போதாது. அறையின் அடிப்பகுதி பையின் அடியைத் தொடாமல் இரண்டு அல்லது மூன்று செ.மீ. உயர்ந்து தொங்குமாறு அமைந்தால், பையைத் தரையில் வைக்கும்போது எழும் அதிர்ச்சி கணினியைத் தாக்காது. இரு அறைகளுக்கும் தனித்தனி ஜிப் இருப்பது இன்றியமையாதது.

எடை

நடுத்தரமான ஒரு சுமைக்கு எடுத்துக்காட்டு:

- மடிக்கணினி: 2.0 கிலோகிராம்
- மின்னேற்றி: 0.4 கிலோகிராம்
- மல்டிமீட்டர்: 0.5 கிலோகிராம்
- கைக்கருவிகள்: 3.5 கிலோகிராம்
- இணைப்பு வடங்கள்: 0.6 கிலோகிராம்
- வெறும் பை: 2.0 கிலோகிராம்
- மொத்தம்: 9.0 கிலோகிராம்

இது 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் உடல் எடையில் 15 விழுக்காடாகும். ஒப்பிட்டு நோக்கின், இந்தியாவின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை மாணவரின் பை உடல் எடையில் 10 விழுக்காட்டை மிஞ்சக்கூடாது என்கின்றது. பெரியவர்களுக்கு அவ்வரம்பு விதிக்கப்படவில்லை எனினும், நாள்தோறும் சுமப்பவரின் தோளும் இடுப்பும் காலப்போக்கில் பாதிக்கப்படலாம். ஒற்றைப் பட்டையில் தொங்கும் பை உடலை ஒருபுறம் சாய்க்கும். பெரிய பை வாங்கினால் அது நிரம்பவே செய்யும். ஆகவே அரிதாகப் பயன்படும் கருவிகளை வண்டியிலுள்ள பெட்டியில் விட்டு, சிறிய பையைத் தெரிவு செய்வது சிறந்தது.

துணி

பைத் துணியின் தடிமன் டெனியர் என்னும் அலகால் குறிக்கப்படும். 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே டெனியர் ஆகும். எடுத்துக்காட்டாக, 1680 டெனியர் நூல் 9000 மீட்டருக்கு 1680 கிராம் எடையுள்ளது. பருத்தி நூலின் கவுண்ட் இதற்கு நேர்மாறானது. ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை என்பதே கவுண்ட். எனவே 40 கவுண்ட் நூல் 20 கவுண்ட் நூலை விட மெல்லியது; ஆனால் 1680 டெனியர் 600 டெனியரை விடத் தடித்தது. 600 டெனியர் பாலியெசுட்டர் மடிக்கணினிப் பைக்குப் போதும். கருவிகள் உரசும் அடிப்பகுதிக்கு 1000 டெனியருக்கு மேற்பட்ட நைலான் ஏற்றது.

துணியின் உட்புறம் பூசப்படும் பாலியூரித்தேன் நீரைத் தடுக்கும். ஆயினும் தையல் துளைகள் வழியாகவும் ஜிப் வழியாகவும் நீர் புகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தனி மழையுறை தேவைப்படும்.

நிலைமின்னூட்டம்

மனிதர் உணராத அளவுக்குக் குறைந்த நிலைமின்னூட்டமும் மின்னணுப் பலகைகளைச் சேதப்படுத்தும். உதிரிப் பலகைகளை வெறும் நெகிழி உறையில் இடாமல், நிலைமின் தடுப்பு உறையில் இட்டுக் கணினி அறையின் பக்கமாக வைத்தல் வேண்டும். மின்னழுத்தமுள்ள இடங்களில் பயன்படுத்தும் கருவிகள் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60900 தரத்தைச் சேர்ந்தவையாக இருத்தல் நலம். இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற குறிப்பும் அவற்றில் இருக்கும். பையினுள் உரசி அவற்றின் காப்புறை கிழியாதவாறு தனித்தனிச் செருகறைகள் தேவை.

பயணம்

இருசக்கர வண்டி: கருவி நிறைந்த முதுகுப்பை ஓட்டுநரின் எடை மையத்தை உயர்த்தித் திருப்பங்களில் நிலைதடுமாறச் செய்யலாம். கருவிகளை மொபெட்டின் முன்புறக் கால்தளத்திலோ பின்புறத் தாங்கியிலோ கட்டிவிட்டு, கணினியை மட்டும் முதுகில் சுமப்பது நல்லது. உடல் சாலையின் அதிர்வை ஓரளவு உள்வாங்கிக் கொள்ளும்.

வெயில்: பல மடிக்கணினிகள் 35 °செ வரையிலான சூழலில் இயங்குமாறு வடிவமைக்கப்பட்டவை. கோடையில் மூடிய வண்டியின் உள்வெப்பம் இதனை வெகுவாகத் தாண்டும். ஆகவே கணினிப் பை வண்டியில் விட்டுவிடாமல் கையில் எடுத்துச் செல்லத்தக்கதாக இருத்தல் வேண்டும்.

விமானம்: தொலைதூர மாநிலங்களுக்கு விமானத்தில் செல்வோர் திருப்புளி, குறடு போன்றவற்றைச் சரக்குப் பகுதிக்கு அனுப்ப வேண்டும். உதிரி லித்தியம் மின்கலங்களையோ பயணியர் அறையிலேயே கொண்டுசெல்ல வேண்டும். 100 வாட்-மணி வரை விமான நிறுவனத்தின் தனி ஒப்புதல் தேவையில்லை. 100 முதல் 160 வரை ஒப்புதல் தேவை. கம்பியில்லாத் துளைப்பானின் 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி மின்கலம் 90 வாட்-மணி கொண்டது. கணினியும் மின்கலங்களும் ஒருபுறமும் கருவிகள் மறுபுறமும் செல்ல வேண்டியிருப்பதால், இப்பயணங்களுக்கு இணைப்பை மிகவும் பொருத்தமானது.

அடுக்கும் முறையும் பராமரிப்பும்

முதுகுப்பையில் கணினி முதுகை ஒட்டியும், கனமான கருவிகள் அடியிலும், அடிக்கடி எடுப்பவை மேலேயும் இருத்தல் வேண்டும். பைக்குள் வைக்குமுன் கணினியை முழுவதும் நிறுத்த வேண்டும். உறக்கநிலையிலுள்ள கணினி பைக்குள் விழித்துக்கொண்டால் காற்றோட்டமின்றிச் சூடேறும். கருவிகளைத் துடைத்த பின்னரே உள்ளே வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை பையைக் கவிழ்த்துத் தூசியைத் தட்டி, ஜிப் பற்களைத் தூரிகையால் துடைத்தால் பை நெடுநாள் உழைக்கும். கணினி அறையின் தடுப்பு வளைந்தாலோ கிழிந்தாலோ, எஞ்சிய பகுதிகள் நன்றாக இருப்பினும் அப்பையைக் கருவிகளுக்கு மட்டும் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.

இவற்றையும் பார்க்க

- மடிக்கணினி
- லித்தியம் அயனி மின்கலம்
- ஆழ்துளைக் கிணறு
- விசைத்தறி
- திருச்செங்கோடு