தீவுக்கு போகலாம், கும்மாளம் போடலாம்! ஆனால் ஜாக்கெட்டை மாட்ட மறக்காதீங்க

"தீவு, படகு, நீல கடல்..." என்றதும் அந்தமான், மாலத்தீவு என்று நினைத்து பெருமூச்சு விட வேண்டாம். பஸ்சுக்கும் படகுக்கும் காசு, ஒரு தூக்கு நிறைய புளிசாதம்... இது போதும். உத்திரமேரூரில் காலையில் பஸ் ஏறினால், மணல் தீவில் ஆட்டம் போட்டு விட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பி விடலாம்.

அந்த இடம், முதலியார்குப்பம்!

கிழக்கு கடற்கரை சாலையில் செய்யூர் பக்கம் இருக்கிறது. சென்னையில் இருந்து சுமார் 90 கிலோ மீட்டர். உத்திரமேரூர்காரர்கள் மதுராந்தகம் போய், அங்கிருந்து செய்யூர் பக்கம் போக வேண்டும். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனபோது, செய்யூர் காஞ்சீபுரத்தை விட்டு பிரிந்து விட்டது. மாவட்டம்தான் மாறியது. வழி மாறவில்லை!

ஏரி வேறு, கழி வேறு

உத்திரமேரூர் ஜனங்களுக்கு தண்ணீர் புதிதல்ல. ஊர் ஏரியே பல்லவர் காலத்து வயிரமேக தடாகம். ஏரியை பார்த்து கொள்ள 6 பேர் கொண்ட ஏரி வாரியம் வேண்டும், 360 நாள்தான் பதவி என்று 1100 ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த ஊர் அது.

ஆனால் முதலியார்குப்பத்தில் இருப்பது நல்ல தண்ணீர் ஏரி அல்ல. ஓதியூர் உப்பங்கழி. ஒரு பக்கம் கரை, மறு பக்கம் மணல் திட்டு. திட்டுக்கு அந்த புறம் வங்க கடல். "தீவு" என்று ஜனங்கள் சொல்வது இந்த மணல் திட்டைத்தான்.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சி கழகம் இங்கே படகு துறை நடத்துகிறது. துடுப்பு படகும் உண்டு, மோட்டார் படகும் உண்டு. மோட்டார் படகில் ஏறினால் திட்டில் கொண்டு போய் இறக்குவார்கள்.

என்னென்ன செய்யலாம்?

இறங்கியதும் செருப்பை கழற்றி விட்டு மணலில் ஒரு நடை. ஒரு புறம் ஆடாத கழி, மறு புறம் ஆர்ப்பரிக்கும் கடல். சின்ன பசங்க கிளிஞ்சல் பொறுக்கலாம். வளைக்குள் ஓடும் நண்டை துரத்தலாம். பெரியவர்கள் கட்டுச்சோற்றை பிரிக்கலாம்.

பறவை பார்க்க ஆசையா? குளிர் காலத்தில் போங்கள். நீண்ட சிவப்பு காலும் வளைந்த மூக்குமாக பூநாரைகள் இந்த கழிக்கு வருவது உண்டு. ஆனால் அக்டோபர், நவம்பரில் புயல், மழை அறிவிப்பு இருந்தால் பயணத்தை தள்ளி போடுங்கள்.

நேரம் மிச்சம் இருந்தால், அதே சாலையில் தெற்கே கடப்பாக்கம் போனால் ஆலம்பரை கோட்டை. 1750-ல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவின் கைக்கு வந்த கோட்டை. 1760-ல் ஆங்கிலேயர் இடித்தார்கள். மிச்சம் உள்ள செங்கல் சுவர் மேல் நின்றால் கழியும் கடலும் ஒன்றாக தெரியும். இந்த பகுதிக்கு பெயர் இடைக்கழிநாடு. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இந்த சீமைக்காரர்தான்!

வீடு திரும்பும் வழியில் வேடந்தாங்கல். நவம்பர் முதல் மார்ச் வரை சீசன்.

22 உயிர்கள்

இனி சொல்ல போவதுதான் முக்கியம்.

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறை. பழவேற்காடு ஏரியில் படகு சவாரி போனது ஒரு கூட்டம். இதே போல சொந்தபந்தம், இதே போல கட்டுச்சோறு. படகு கவிழ்ந்தது. 22 பேர் பலி. யார் உடம்பிலும் மிதவை ஜாக்கெட் இல்லை.

கேரளாவில் 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடி படகு கவிழ்ந்து 45 பேர் செத்தார்கள். 2023 மே 7-ல் தானூரில், இருட்டிய பிறகு அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள்.

ஓட்டை விழுந்தால்தான் படகு மூழ்கும் என்று நினைக்காதீர்கள். அளவுக்கு மேல் கனம் ஏறினாலே போதும். "அதோ பறவை!" என்று எல்லோரும் ஒரே பக்கம் எழுந்தாலும் போதும். குடை சாய்ந்து விடும்!

ஆகவே, ஏறும் முன் கேளுங்கள்: "இதிலே எத்தனை பேர் ஏறலாம்?" அதற்கு மேல் ஒரு தலை இருந்தாலும் இறங்கி விடுங்கள். அடுத்த படகு வரும்.

ஜாக்கெட்டை தோளில் தொங்க விட்டால் பிரயோசனம் இல்லை. எல்லா கொக்கியையும் மாட்டுங்கள். குழந்தைக்கு குழந்தை அளவு ஜாக்கெட்டை கேட்டு வாங்குங்கள். "போட்டோவில் அழகு போய் விடும்" என்று கழற்றாதீர்கள். கொக்கி மாட்ட ஒரு நிமிஷம்தான் ஆகும்.

கழி கடலில் கலக்கும் முகத்துவாரம் பக்கம் குளிக்கவே கூடாது. மேலே அமைதியாக தெரியும். அடியில் நீரோட்டம் காலை வாரி விடும். நீச்சல்காரர்களையும் இழுத்து விடும்.

நிழல் தேடி அலையாமல் இருக்க தொப்பியும், நிறைய குடிதண்ணீரும் எடுத்து போங்கள். கடைசி படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு விடுங்கள். வாழை இலை மட்குமே தவிர, பிளாஸ்டிக் பை மட்காது. கொண்டு போன பையை கொண்டு வந்து விடுங்கள்.

போகும்போது தலையை எண்ணுங்கள். வரும்போதும் எண்ணுங்கள். கணக்கு சரியாக இருந்தால், அதுதான் நல்ல உல்லாச பயணம்!